அம்மாவை லாலிபெலாவுக்கு அழைத்துப் போகலாமா?

ராயபுரத்துப் பையன்:
எத்தியோப்பியாவில் பாறையைக் குடைந்து செய்த லாலிபெலா தேவாலயங்களைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. வயது 64, முழங்கால் வலி உண்டு. டூர் கம்பெனி டனகில் பள்ளத்தையும் சேர்த்து ஒரே பேக்கேஜாகத் தருகிறது. எடுக்கலாமா? வழிகாட்டி தேவையா, நாங்களே சுற்றிக்கொள்ளலாமா?

வண்ணை டீச்சர்:
தம்பி, லாலிபெலாவுக்குக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. டனகிலை எடுத்துவிடச் சொல்லுங்க. அது கடல் மட்டத்துக்கு 100 மீட்டருக்கும் கீழே இருக்கும் உப்பு வெளி. அஃபார் மக்கள் உப்பைப் பாளமாக வெட்டி ஒட்டகத்தில் ஏற்றுவதும், டல்லோலின் மஞ்சள் பச்சைக் கந்தக ஊற்றுகளும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்த வெயிலும் ஜீப் குலுக்கலும் அம்மாவுக்கு ஆகாது.

லாலிபெலாவில் 11 தேவாலயங்கள். மாமல்லபுரத்து ரதங்கள் போலவே மேலிருந்து கீழாகச் செதுக்கியவை. லாலிபெலாவில் உள்ளேயும் முழுக்கக் குடைந்து தூண், வளைவு, ஜன்னல் எல்லாம் வைத்திருக்கிறார்கள். 1978இல் யுனெஸ்கோ முதன்முதலாக அறிவித்த உலகப் பாரம்பரிய இடங்களில் இதுவும் ஒன்று. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, இன்றும் அங்கே வழிபாடு நடப்பது. விடியற்காலையில் வெள்ளைத் துணி போர்த்திய கூட்டம் சுவரில் சாய்ந்து நின்று ஜெபிக்கும். அம்மாவை அந்த நேரத்துக்கு அழைத்துப் போங்க.

உள்ளூர் வழிகாட்டி அவசியம். ஜெபம் பழைய கீஸ் மொழியில், பாதிரியார் பேசுவது அம்ஹாரிக்கில். கூட ஆள் இருந்தால்தான் பாதிரியார் எடுத்துக் காட்டும் சிலுவையின் கதை நமக்குப் புரியும். அப்புறம், ஒரு சுரங்கப் பாதை கும்மிருட்டு, கையால் சுவரைத் தடவித்தான் நடக்கணும். முழங்கால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட்டால், எதை விடலாம் என்று வழிகாட்டியே பார்த்துக்கொள்வார். புனித ஜார்ஜ் ஆலயத்தின் சிலுவை வடிவக் கூரையை மேலே தரையில் நின்றபடியே பார்க்கலாம், இறங்கவே வேண்டாம்.

ஊர் சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோரத்தில் வாழும் நமக்கு மூச்சு வாங்கும். போய் இறங்கிய அன்றைக்கு ஓய்வு கொடுங்க.

துறைமுகத்தான்:
மஞ்சள் காய்ச்சல் ஊசியை மறக்காதீங்க தம்பி. நம்ம ராஜாஜி சாலை துறைமுகச் சுகாதார அலுவலகத்திலேயே போடுவார்கள். போட்டு 10 நாள் கழிந்தால்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் எத்தியோப்பியாவிலிருந்து திரும்பினால் தனிமைப்படுத்துவார்கள். அம்மாவுக்கு 60 தாண்டியதால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்க. லாலிபெலா இருக்கும் அம்ஹாரா பகுதியில் 2023இலிருந்து சண்டை. வெளியுறவுத் துறை அறிவிப்பைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்க.

ராயபுரத்துப் பையன்:
ரொம்ப நன்றி. சரி, அங்கே ஜனவரி 7 அன்று கொண்டாடும் கிறிஸ்துமஸுக்கே போகலாமா டீச்சர்? அம்மா அசைவம் தொடமாட்டார், சாப்பாடு கிடைக்குமா?

வண்ணை டீச்சர்:
அந்த நாளில் யாத்திரை வருபவர்கள் குவிந்துவிடுவார்கள், அம்மாவால் நிற்க முடியாது. அக்டோபர், நவம்பரில் போங்க, மழை ஓய்ந்து மலை பச்சையாக இருக்கும். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். புதனும் வெள்ளியும் அங்குள்ள கிறிஸ்தவர்களுக்கு நோன்பு, இறைச்சி மட்டுமல்ல, பால்கூடச் சேர்க்கமாட்டார்கள். மற்ற நாளிலும் “நோன்புச் சாப்பாடு” என்று கேளுங்க, இஞ்செரா என்ற தோசை போன்ற புளித்த மாவு அப்பத்தோடு பருப்பும் கீரையும் வரும்.