எங்கள் ஒழுங்கை: இன்னும் மனத்தை உறுத்தும் ஒரு நிகழ்ச்சி
(யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில், அதாவது ஒடுங்கிய தெருக்களில், வாழ்ந்தவர்கள் புனைபெயர்களில் எழுதியவை)

கொட்டிலடி:
கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையின் முகப்பில் இருந்த சுருட்டுக் கொட்டிலில் ஐயா வேலை செய்தார். கொட்டில் என்றால் சுருட்டுச் சுற்றுகிறவர்களுக்கு ஒருவர் பத்திரிகை வாசித்துக்காட்டுவதும் இருக்கும் என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வாசிக்கிறவர் காய்ச்சலில் விழுந்ததால் சில வாரங்களுக்கு அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. சுருட்டின் எண்ணிக்கைக்கே கூலி என்பதால் எவருடைய கையும் நிற்காது. எனவே எவரும் கவனித்துக் கேட்பதில்லை என்று எண்ணிக்கொண்டு, நீதிமன்றச் செய்திகளையும் சந்தை விலைகளையும் நான் தாண்டிவிடுவேன். 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகமும் 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டன. பத்திரிகை வரவில்லை. எவரும் பேசாமல் இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, எழுத்தறியாத ஒரு முதியவர், நாங்கள் அப்பு என்று அழைப்பவர், மூலையில் கிடந்த பழைய தாளை எடுத்து வாசிக்கச் சொன்னார். புதிய செய்தி ஒன்றும் இல்லாததால் ஒரு வரியும் விடாமல் வாசித்தேன். வெங்காய விலை வந்ததும் அவர் தலை நிமிராமலே, "இது அண்டைக்கு நீ வாசிக்கேல்லை, மோனை" என்றார். ஐயாவுக்கும் அது கேட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான வாரத்திலிருந்து எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நான் மறைத்த வெங்காய விலைதான் என்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மண்ணெண்ணெய்க் கடன்காரி:
போரின்போது அரசு விதித்த பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்டுத் திரியைக் கொளுத்திப் படித்தவர்களுள் நானும் ஒருத்தி. பரீட்சைக்கு முதல் வாரம் எங்கள் போத்தல் காய்ந்துவிட்டது. அடுத்த வீட்டு மாமி, தமது வீட்டில் விளக்கேற்றாமல் இருட்டில் இருந்துகொண்டு, அரைப் போத்தல் எண்ணெயை வேலிப் பொட்டுக்குள்ளால் (வேலி இடைவெளியால்) நீட்டினார். அடுத்த பங்கீட்டில் தந்துவிடுவதாக அம்மா சொன்னார். எங்கள் ஒழுங்கை முழுவதும் ஒரே குடும்பம் போல இருந்த காலம் அது. 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கியதால் எங்கள் வலிகாமப் பகுதியே மழையில் நனைந்தபடி செம்மணி வழியாக நாவற்குழியை நோக்கி அடி அடியாக நகர்ந்த அந்த நெரிசலில், எனக்கு முன்னால் ஆட்டுக்குட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு மாமி நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ரை அரைப் போத்தல் எங்கை பிள்ளை?" என்று கேட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுத்த ஆண்டு நாங்கள் இடம்பெயர்ந்திருந்த தென்மராட்சியிலிருந்து வீடு திரும்பினோம். மாமி வன்னிக்குப் போனவர் திரும்பவில்லை. அவருடைய போத்தல் இன்றும் எங்கள் குசினித் தட்டில் இருக்கிறது.

கிணற்றடி:
முன்னே எழுதிய சகோதரி கோபிக்கக் கூடாது. "ஒழுங்கை முழுவதும் ஒரே குடும்பம்" என்ற வரியை வாசித்த பின்னர் என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஒழுங்கையிலும் வேலிப் பொட்டு இருந்தது. மண்ணெண்ணெயும் உப்பும் அதனூடாகப் போய்வந்தன. ஆனால் தண்ணீர் போய்வரவில்லை. பங்குக் கிணற்றில் துலாவைத் தொடும் உரிமை எங்கள் ஆட்களுக்கு இருக்கவில்லை. அம்மா குடத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, எவராவது அள்ளி ஊற்றும் வரை காத்து நிற்பார். ஒருநாள் என்னோடு ஒரே வகுப்பில் படித்த பிள்ளை ஊற்ற வந்தாள். வாளி குடத்தில் முட்டிவிடக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள் போலும். கையைத் தலைக்கு மேல் உயர்த்தி ஊற்றினாள். தண்ணீர் தெறித்து எங்கள் இருவரையும் நனைத்தது. நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை; பாதி நிரம்பிய குடத்தை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். அந்தப் பாதிக் குடத்தின் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் பிடித்தன. குடும்பம் என்ற சொல்லைப் பாவிக்கும்போது அதற்குள் யார் யார் அடங்குவர் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தையற்காரர் மகன்:
எங்கள் தெரு உங்கள் ஒழுங்கைகளிலிருந்து அதிக தூரமில்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகளின் உத்தரவு வந்தபோது, வாப்பாவின் மேசையில் வெட்டிய நிலையில் ஒரு கலியாணச் சட்டைத் துணி கிடந்தது. அது பின்தெருவில் இருந்த தமிழ்ப் பிள்ளை ஒருத்தியுடையது. தையல் இயந்திரத்தையோ வீட்டையோ பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. புத்தளத்து ஓலைக் குடிசையில் இருந்தும், "துணியை வெட்டிப்போட்டு வந்திட்டேனே" என்பதையே சொல்லிக்கொண்டிருப்பார். 2002 இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி திறந்த பின்னர் அவரை அழைத்துக்கொண்டு போனேன். கூரையில்லாத எங்கள் கடையைப் பார்த்துவிட்டு, நேரே பின்தெருவுக்கு நடந்தார். அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

உறுதிக்காரர்:
பங்குக் கிணறு என்றதும் எனக்கும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் ஒன்றுவிட்ட அண்ணர் வெளிநாட்டில் இருந்தபடியே தமது பங்கை எவருக்கும் சொல்லாமல் பிறத்தியாருக்கு விற்றார். வாங்கியவர் கிணற்றடியில் மதில் கட்டிய நாளில் ஆச்சி வாளியுடன் மதிலைப் பார்த்தபடி நின்றார். இத்தகைய நிலை உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். பழைய உறுதியை (காணிப் பத்திரத்தை) எடுத்து, பரப்பு, குழி என்ற காணி அளவுகளை மட்டும் பார்க்காமல், இறுதியில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன என்று வாசியுங்கள். தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழமைச் சட்டத்துக்கு உட்பட்ட காணியில் பங்காளர் ஒருவர் தமது பங்கை வெளியாருக்கு விற்க முனைந்தால், மற்றப் பங்காளர்களுக்கும் அவருடைய உரித்தாளராக வரக்கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு முன்னறிவித்தல் கொடுக்கச் சொல்கிறது. உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். உறுதி எழுதும் நொத்தாரிசுக்கு அந்தப் பதிவகத்து ஏட்டின் இலக்கம் தெரிந்தால் வேலை எளிது. தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியில் உள்ள எல்லை விபரங்களைப் பார்த்து உங்கள் முன்னோரின் பெயரைக் கண்டுபிடிக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் அற்றோணித் தத்துவம் (தமக்காகச் செயற்படும் அதிகாரம்) கொடுக்கும்போது அதில் கிணற்றையும் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். இவற்றையெல்லாம் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

கொட்டிலடி:
உறுதிக்காரரே, நாங்கள் உறுதியைப் பற்றிக் கேட்கவில்லையே. 'கிணற்றடி' என்ற பெயரில் எழுதிய சகோதரியிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன்: தண்ணீர் ஊற்றிய அந்தப் பிள்ளை பின்னர் என்ன ஆனாள்?

கிணற்றடி:
உறுதிக்காரருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கிணற்றின் உறுதி எதிலும் அம்மாவின் பெயர் இருக்காது. அந்தப் பிள்ளை இப்போது கனடாவில் இருக்கிறாள். மாதம் ஒருமுறையாவது தொலைபேசியில் கதைப்போம். வகுப்பாசிரியை, கோயில் திருவிழா, ஆடிப்பிறப்புக் கூழ் என்று எல்லாவற்றையும் நினைவுபடுத்துவாள். போன மாதம் "அம்மா சுகமோ?" என்று கேட்டாள். சுகம் என்றேன். கிணற்றைப் பற்றி அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.