அமெரிக்காவின் 63வது காங்கிரஸ் எனும் நாடாளுமன்றம் (1913–15): சாதனையா, பாதிக் கிணறா?

பழைய_கெஜட்: ரெண்டே வருஷம். 1913 அக்டோபரில் அண்டர்வுட் சுங்கச் சட்டம், டிசம்பரில் ஃபெடரல் ரிசர்வ் எனும் மத்திய வங்கி அமைப்பு. அடுத்த வருஷம் வர்த்தக ஆணையம், ஏகபோகத்தைத் தடுக்கும் கிளேட்டன் சட்டம். சராசரிச் சுங்கம் சுமார் 40 சதவீதத்திலிருந்து 26க்கு இறங்கியது. அதில் விழுந்த துண்டை அடைக்கத்தான் வருமான வரி.

கூலிக்கணக்கு: அந்த வரியைப் பெரிசா பேசாதீங்க. 3,000 டாலருக்கு மேல் 1 சதவீதம், கல்யாணமானவருக்கு 4,000க்கு மேல். 5 லட்சம் தாண்டினாலும் எல்லாம் சேர்த்து 7தான். பணக்காரருக்குக் கொசுக்கடி.

பழைய_கெஜட்: வாய்க்கால் வெட்டியதைப் பாருங்க. முதல் உலகப் போரில் இறக்குமதி படுத்ததும் கஜானா அந்த வழியாத்தான் நிரம்பியது. 1918ல் உச்ச விகிதம் 77.

கூலிக்கணக்கு: அது போர்ச்செலவுக்கு. கிளேட்டனுக்கு வாங்க. 6வது பிரிவு மனித உழைப்பு சரக்கல்ல என்கிறது; தொழிற்சங்கத் தலைவர் காம்பர்ஸ் அதை மாக்னா கார்ட்டா, அதாவது உரிமைச் சாசனம் என்றே கொண்டாடினார். முழுசா படிச்சாரா தெரியலை. சங்கம் 'சட்டப்படி' செய்யும் காரியத்துக்குத்தான் ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து பாதுகாப்பு. எது சட்டப்படி? அதை நீதிபதி சொல்வார்! 20வது பிரிவும் முதலாளி–தொழிலாளி தகராறில் மட்டுமே வேலைநிறுத்தத்துக்கு எதிரான நீதிமன்றத் தடையாணைக்குக் கடிவாளம் போட்டது. 1921 டூப்ளெக்ஸ் வழக்கு: கம்பெனி மிச்சிகனில் அச்சு இயந்திரம் செய்தது. நியூயார்க்கில் அந்த இயந்திரத்தைத் தொடமாட்டோம் என்றவர்கள் அந்தக் கம்பெனி ஆட்களில்லை, அதனால் பாதுகாப்பும் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். 1932ல் அந்தத் தடையாணைகளை இறுக்கிக் கட்டுப்படுத்திய நோரிஸ்–லாகார்டியா சட்டம் வரும்வரை ஏட்டுச் சுரைக்காய்தான்.

உண்டியல்: ரிசர்வ் சட்டத்தை ரெண்டு பேரும் தாண்டிப் போயிட்டீங்க. முன்பு ஊர் வங்கிகளின் கையிருப்பு நியூயார்க்கில் குவிந்து கிடந்தது. 1907ல் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டதும் அங்கே ரொக்கம் முடங்கியது. புதுச் சட்டப்படி, வங்கி தன்னிடமுள்ள 90 நாள் வணிக உண்டியலை (வியாபாரி பின்னால் பணம் தருவதாக எழுதிய கடன் சீட்டு) வட்டார ரிசர்வ் வங்கியில் கொடுத்துப் பணம் எடுக்கலாம்; வெளியிடும் நோட்டுக்கு 40 சதவீதம் தங்கம் பின்னால் இருக்கணும். விதைப்புக்கும் அறுவடைக்கும் 90 நாள் போதாதே, அதனால் விவசாயக் கடனுக்கு 6 மாதம். கோளாறு எங்கே என்றால், மாநில அரசு உரிமம் பெற்ற வங்கிகள் இந்த அமைப்பில் சேர்வது அவர்கள் இஷ்டம். பெரும்பாலானவை சேரலை, முப்பதுகளில் அந்த வெளி வங்கிகள்தான் கொத்துக்கொத்தா விழுந்தன.

கூலிக்கணக்கு: நல்லா எடுத்துக் கொடுத்தீங்க. விவசாயிக்கு '6 மாதம்' என்று எண் போட்டு எழுதத் தெரிந்தவர்கள், தொழிலாளிக்கு மட்டும் 'சட்டப்படி' என்று நழுவினது ஏன்?

பழைய_கெஜட்: சங்கங்களுக்கு முழு விலக்கு கூடாதென்று ஜனாதிபதி வில்சனே நின்றாரே. அந்தச் சொல்லை எடுத்திருந்தால் மசோதா அவர் மேசையைத் தாண்டியிருக்குமா?