அம்மாவுக்கு மார்ஃபின் எழுதியிருக்கிறார்கள், கொடுக்கலாமா?

பெரம்பூர் மகள்:

அம்மாவுக்கு வயது 61. ஏழு ஆண்டுகளுக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, மாத்திரையோடு நன்றாகவே நடமாடினார். ஆடி மாதத்திலிருந்து இடுப்பு வலி. இப்போது ஸ்கேனில் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் நோய் பரவியிருப்பது தெரிந்திருக்கிறது. ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு வைக்கலாம் என்று டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார். அதுவரை வலிக்கு மார்ஃபின் மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒன்று.

மாத்திரை வீட்டுக்கு வந்தும் பிரிக்கவில்லை. அண்ணன் கூடாது என்கிறார். "அது அபின். சாகப்போகிறவர்களுக்குக் கொடுப்பது. அம்மாவைப் போதையில் கிடத்தப் பார்க்கிறார்கள்" என்று சத்தம் போடுகிறார். அம்மாவோ, "லேசான வலிதான், பொறுத்துக்கொள்கிறேன், இதற்காக நீங்கள் சண்டை போடாதீர்கள்" என்கிறார். ஆனால் இரவில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்க்கிறேன். படுத்தால் புரள முடியவில்லை.

இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிடுவாரா? இதை எழுதிக் கொடுத்தாலே கைவிட்டுவிட்டார்கள் என்று பொருளா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அயனாவரம் செவிலியர் (பணிநிறைவு):

தங்கையே, என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி புற்றுநோய் வார்டில்தான் கழிந்தது. கடைசி ஆண்டுகளில் வலி நிவாரணப் பிரிவில் இருந்தேன். அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: டாக்டர் எழுதியபடி இன்றைக்கே கொடுக்கத் தொடங்குங்கள்.

அண்ணன் சொல்வதில் ஒரு பாதி உண்மை. மார்ஃபின் அபினிலிருந்துதான் வருகிறது. ஆனால் "சாகப்போகிறவர்களுக்கு" என்பது தவறு. எவ்வளவு வலி என்பதைப் பார்த்துத்தான் மார்ஃபின் கொடுக்கிறார்கள். எத்தனை நாள் உயிரோடு இருப்பார் என்ற கணக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. உங்கள் அம்மாவுக்கு எழுதியிருப்பதையே பாருங்கள். கைவிட்டவர்கள் கதிர்வீச்சுக்குத் தேதி கொடுப்பார்களா? எலும்பில் பரவிய இடத்துக்கு 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே தடவை வைக்கும் கதிர்வீச்சு, வலியைக் குறைப்பதற்கென்றே உள்ள சிகிச்சை. பலருக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் முழுப் பலன் தெரிய இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். முதல் சில நாள் வலி சற்றுக் கூடுவதும் உண்டு. அந்த இடைவெளியை அம்மா எப்படிக் கடப்பார்? அதற்குத்தான் மாத்திரை. கதிர்வீச்சு வேலை செய்த பிறகு மார்ஃபினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களை நான் வரிசையாகப் பார்த்திருக்கிறேன். எலும்பில் மட்டும் பரவிய மார்பகப் புற்றுநோயோடு ஆண்டுக்கணக்கில் சமைத்துக்கொண்டும் கோயிலுக்குப் போய்க்கொண்டும் இருப்பவர்களும் உண்டு.

அடிமையாவது பற்றி: வலிக்காக, சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் சாப்பிடுகிறவர் போதைக்காக ஏங்கி அலைவது மிக அரிது. பல வாரம் சாப்பிட்டால் உடல் அதற்குப் பழகும், அது வேறு. பழகிய பின் திடீரென்று நிறுத்தினால் உடல் படுத்தும். அதனால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டர் சொல்கிறபடி குறைக்க வேண்டும். அவ்வளவுதான்.

வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வகுத்த வழிமுறையிலேயே இது இருக்கிறது: வாய் வழியாக, கடிகாரத்தைப் பார்த்து. முந்தைய மாத்திரையின் பலன் தீருமுன் அடுத்தது உள்ளே போக வேண்டும். இடையில் வலி கிளம்பினால் கொடுக்கக் கூடுதல் அளவு எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். நள்ளிரவில் எழுப்ப வேண்டுமா, படுக்கப்போகும்போது சேர்த்துக் கொடுக்கலாமா என்றும் கேளுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும். பிறகு குறைந்துவிடும். பல இரவு தூங்காதவர் வலி விட்டதும் தூங்குவது இயல்பு, பயப்படாதீர்கள். ஆனால் மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது. மார்ஃபின் சாப்பிடும் நாளெல்லாம் அது கூடவே இருக்கும். எனவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கி வேண்டும். சீட்டில் எழுதியிருக்கிறார்களா பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இசப்கோல் மட்டும் இதற்குச் சரிப்படாது. குடலே மெதுவாக அசைவதால் அது உள்ளே அடைத்துக்கொள்ளும். சென்னா மாத்திரை நல்லது, நம் திருநெல்வேலிப் பக்கம் விளையும் நிலவாகைதான் அது. வலி தீர்ந்தும் மலச்சிக்கல் தாங்காமல் மார்ஃபினையே விட்டவர்களைப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருந்திருக்கிறது.

அம்மாவிடம் "வலிக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். அந்தத் தலைமுறைப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். வேறு மாதிரி கேளுங்கள். அடுப்படியில் எவ்வளவு நேரம் நிற்க முடிந்தது? இரவில் எத்தனை தடவை விழித்தீர்கள்? பத்து விரலில் எத்தனை விரல் வலி? பதிலை ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அளவைக் கூட்டவும் குறைக்கவும் அவருக்கு அதுதான் ஆதாரம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. முதுகெலும்பில் நோய் இருப்பதால், கால்கள் திடீரென்று தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நள்ளிரவானாலும் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள். தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறி அது. நடக்க முடிகிற நிலையிலேயே சிகிச்சை தொடங்கினால்தான் தொடர்ந்து நடக்கும் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மருந்துக்கான அபின் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு நம் விவசாயிகள் விளைவிப்பது. இருந்தும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்துக்கொள்ளவே தயங்கின. 2014இல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். ஆனாலும் நம் நாட்டில் எத்தனையோ பேர் அது கிடைக்காமல் துடித்தே போகிறார்கள். உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த மாத்திரை பிரிக்காமல் கிடக்கிறது என்று படித்தபோது மனம் பொறுக்கவில்லை.

வில்லிவாக்கம் வாசகர்:

என் அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய். மார்ஃபின் தொடங்கிய வாரத்தில்தான் அவர் மறுபடி செய்தித்தாள் படித்தார், பேரனோடு கேரம் ஆடினார். அதற்கு முன் யாரும் கட்டில் ஓரத்தில் உட்காரக்கூட விடமாட்டார், அசைந்தால் வலிக்கும்.

தெருக்கோடி மருந்துக் கடையில் இது கிடைக்காது. அனுமதி பெற்ற மருத்துவமனைகளில்தான் வாங்க வேண்டும். எனவே பட்டை தீரும்வரை காத்திருக்காமல் சில நாள் முன்னதாகவே போங்கள். சிகிச்சைக் கோப்பைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் பூட்டி வையுங்கள், குறிப்பாகக் குழந்தைகள் இருந்தால். மீந்ததை யாருக்கும் கொடுக்காமல் மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கதிர்வீச்சுக்கு அது செல்லுமா என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேளுங்கள்.

கொளத்தூர்க்காரர்:

எல்லோரும் கொடு கொடு என்கிறீர்கள். என் மாமாவுக்கு இதே மாத்திரை கொடுத்து ஒரே வாரத்தில் ஆளே மாறிப்போனார். நாள் முழுக்கத் தூக்கம். எழுப்பினால் சம்பந்தமில்லாமல் பேசினார். அவருக்கும் எலும்பில்தான் பரவியிருந்தது. அந்தப் பெண்ணின் அண்ணன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அயனாவரம் செவிலியர் (பணிநிறைவு):

ஐயா, நீங்கள் பார்த்தது உண்மை, பயமும் நியாயம். ஆனால் அதற்கு மருந்து மட்டும்தான் காரணமா என்று பார்க்க வேண்டும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் மார்ஃபினின் கழிவு உடலில் தேங்கும், அப்போது அளவைக் குறைக்க வேண்டும் அல்லது மருந்தை மாற்ற வேண்டும். எலும்பில் நோய் பரவியவர்களுக்கு இன்னொன்றும் நேரும். எலும்பிலிருந்து கால்சியம் ரத்தத்தில் ஏறும். தாகம், வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தூக்கம், பிதற்றல் எல்லாம் அதனாலும் வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஊசி மருந்தால் இறக்கவும் முடியும்.

எனவே தங்கையே, ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) கால்சியமும் பார்த்தார்களா என்று கேளுங்கள். தட்டி எழுப்பியும் எழாத தூக்கமோ, மூச்சு மிக மெதுவாக இழுப்பதோ தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பெரம்பூர் மகள்:

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை முதல் மாத்திரை கொடுத்துவிட்டேன். மலமிளக்கி சீட்டிலேயே இருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. அண்ணன் இன்னும் பேசவில்லை.

சிஸ்டர், ஒரு கேள்வி. கதிர்வீச்சு அடையாறு பக்கம். வழக்கமாக 29சி பஸ்ஸில்தான் போவோம். இந்த இடுப்போடு அம்மாவால் அவ்வளவு தூரம் குலுங்கிக்கொண்டு வர முடியுமா? பிறகு வலி கூடினால் ஒவ்வொரு தடவையும் அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

அயனாவரம் செவிலியர் (பணிநிறைவு):

பஸ் வேண்டாம் அம்மா. நோய் அரித்த எலும்பு ஒரு குலுக்கலில் முறியலாம். ஆட்டோவும் வேண்டாம், கார் ஏற்பாடு செய்யுங்கள். முன் இருக்கையைச் சாய்த்து இடுப்புக்குத் தலையணை வையுங்கள். கிளம்புவதற்கு அரை மணி முன்பு கூடுதல் அளவு கொடுக்கலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கதிர்வீச்சு மேசை பலகைபோல் கடினமாக இருக்கும், அதில் அசையாமல் படுக்கவும் அது உதவும்.

வீட்டுப் பராமரிப்புக்கு உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் உண்டு, செவிலியர் வீட்டுக்கே வருவார்.

கதிர்வீச்சு நாளன்று அண்ணனையும் அழைத்துச் செல்லுங்கள். அபின் பற்றிய கேள்வியை அவரே டாக்டரிடம் கேட்கட்டும்.