‘சும்மா விசாரணைக்குத்தான்’: நெல்லைப் பக்கத்து அனுபவங்களைப் பகிருங்கள்

பேட்டை ரோட்டுக்காரன்:

முன்கதை சுருக்கமாக. எங்கள் தெருவில் வாய்க்கால் ஓரச் சுவர் தகராறு. ரெண்டு வீட்டுக்காரர்களும் அடித்துக்கொண்டார்கள். அப்பா திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார், அவர் செய்தது அவ்வளவுதான். எழுபது தாண்டியவர், சர்க்கரை வேறு. மத்தியானம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது: “ஐயா கூப்பிடுதாவ, சும்மா விசாரணைக்குத்தான், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

விளக்கு வைத்தும் ஆள் வரவில்லை. போய்ப் பார்த்தால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவர் செல்போன் மேசை டிராயருக்குள் கிடக்கிறது.

“சார், அப்பாவ அரெஸ்ட் பண்ணியிருக்கா?”

“அரெஸ்டுன்னு யாருவே சொன்னா?”

“அப்ப கூட்டிட்டுப் போகட்டுமா?”

“போகலாம்னு யாரு சொன்னா?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டீயை ஊதிக்கொண்டே சொன்னார். அடி உதை எதுவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் செத்த 2020-க்கு அப்புறம் அந்தப் பெஞ்சைப் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். அரெஸ்டும் இல்லை, விடுதலையும் இல்லை என்றால் அந்த ஆறு ஏழு மணி நேரம் அப்பா யார்? இதே மாதிரி மாட்டியவர்கள் எழுதுங்கள்.

ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி, பாளை:

தம்பி, உங்கள் அப்பாவாவது ராத்திரியே வந்துவிட்டார். நான் பார்த்தது வேறு மாதிரி.

கோர்ட் பக்கம் கடை என்பதால் குண்டாஸ் புக்லெட் அடிக்கடி வரும். தெரியாதவர்கள் குறைவு, இருந்தாலும் சொல்கிறேன். குண்டாஸ் என்றால் குண்டர் தடுப்புச் சட்டம், 1982-ஆம் வருஷத்து 14-ஆம் எண் சட்டம். கலெக்டரோ கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். ஜாமீன் கிடையாது. அந்த உத்தரவு சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் குழு முன்னால் வக்கீல் வைத்துப் பேசவும் உரிமை கிடையாது. ஏன் பிடித்தோம் என்பதை மட்டும் ஐந்து நாளைக்குள் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். அந்தக் கட்டுதான் புக்லெட்.

ஒரு அம்மா, மகனுக்குப் போட்ட புக்லெட்டைத் துணிப்பையில் கொண்டு வந்தார்கள். வக்கீலுக்கு ரெண்டு செட் வேண்டும். எடுத்துக்கொண்டே வருகிறேன், நடுவில் சில பக்கம் முழுக்கக் கறுப்பு. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தது. ஒரு எழுத்து தெரியவில்லை. “அண்ணாச்சி, மிஷின்ல ஏதாச்சும் செஞ்சு தெளிவாக்கிக் குடுங்க, புண்ணியமா போவும்” என்று அந்த அம்மா கெஞ்சுகிறார்கள். நானும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிறேன்.

பக்கத்தில் நின்ற வக்கீல் குமாஸ்தா என் கையைப் பிடித்துவிட்டார். “ஓய், தெளிவாக்கித் தொலைச்சிராதீரும். அந்தக் கறுப்புலதான் பையன் வெளிய வருவான்.”

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அப்படித்தான் நடந்தது. படிக்க முடியாத காகிதத்தைக் கொடுத்தால் பதில் மனு எப்படி எழுதுவான், அரசியல் சட்டம் 22(5) கொடுத்த உரிமை போச்சே என்று உத்தரவை ரத்து செய்தார்கள். அந்த அம்மாவுக்கு இது எதுவும் விளங்கவில்லை. தெளிவாக எடுத்துத் தரமாட்டேன் என்கிறானே என்று என்னை ஒரு பார்வை பார்த்தார்கள் பாருங்கள், அது இன்னும் உறுத்துகிறது.

தாமிரபரணித் தண்ணி:

அண்ணாச்சி, கதை நல்லாத்தான் இருக்கு. ஆனால் நாலு பேரை வெட்டியவன் ஒரு மங்கலான ஜெராக்ஸால் வெளியே வந்தால் வெட்டுப்பட்டவன் வீட்டுக்கு யார் பதில் சொல்வது? அவனுக்கு மட்டும்தான் உரிமையா? என் மச்சான் கடையில் மாமூல் கேட்டு வந்த ஆள் ஒரு மழைக்காலம்கூட உள்ளே இருக்கவில்லை.

கடற்கரை அந்தோணி:

எனக்குப் போலீஸ் பெஞ்சு இல்லை, பாஸ்போர்ட்.

நான் ராதாபுரம் தாலுகா, கடல் ஊர். கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டம் உச்சத்தில் இருந்த 2012-ல் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்களின் மேல் எத்தனை எப்.ஐ.ஆர், அதில் எத்தனை தேசத்துரோகம் என்பது உங்களுக்கே தெரியும். பேர் தெரிந்த சிலர், அப்புறம் ‘மற்றும் பலர்’. அந்தப் ‘பலர்’ யார் என்று யாருக்கும் தெரியாது. யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

கல்ஃபில் மீன்பிடிப் படகு வேலைக்கு பாஸ்போர்ட் போட்டேன். விசாரிக்க வந்தவர் நல்ல மனுஷன். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, காகிதத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, உன் பேரு இல்ல. ஆனா உன் பேரு மாதிரியே ஒரு பேரு இருக்கு.”

எங்கள் ஊரில் அந்தோணி என்று கூப்பிட்டால் அரைத் தெரு திரும்பிப் பார்க்கும்! அந்த ‘மாதிரி’யால் அறிக்கை எதிராகப் போனது. அலுவலகத்தில் கேட்டால் போலீஸைக் கேள் என்கிறார்கள், போலீஸைக் கேட்டால் நாங்கள் அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். போராட்டக்காரர்கள் மேல் போட்ட வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2013 மே மாதம் சொன்னது. தேசத்துரோகப் பிரிவையும் 2022-ல் நிறுத்தி வைத்தது. கவுண்டரில் அதை யாரிடம் காட்ட?

கடைசியில் ஒரு வக்கீல் அக்கா ஒரே ஒரு கடிதம் எழுதினார்கள். 1967 பாஸ்போர்ட் சட்டப்படி மறுப்பதானால் காரணத்தை எழுதி நகல் கொடுக்க வேண்டும், கொடுங்கள் என்று. எப்.ஐ.ஆர் மட்டும் இருந்தால் போதாது, கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். கடிதம் போன பிறகுதான் மறு விசாரணை வந்தது. பாஸ்போர்ட்டும் வந்தது. அதற்குள் அந்த வேலைக்கு வேறு ஆள் போய்விட்டான்.

அக்காதான் மேனகா காந்தி வழக்கைச் சொன்னார்கள். 1977-ல் அவருடைய பாஸ்போர்ட்டை முடக்கிவிட்டு, பொதுநலன் கருதிக் காரணம் சொல்ல மாட்டோம் என்றதாம் அரசு. சட்டத்தில் ஏதோ ஒரு நடைமுறை இருந்தால் போதாது, அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று 1978-ல் தீர்ப்பு. 1950-ல் கோபாலன் வழக்கில் இதே உச்ச நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லையாம். முன்னாள் பிரதமர் வீட்டு மருமகளுக்கே காரணம் சொல்லவில்லை, எனக்கா சொல்வார்கள் என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற ரைட்டர்:

பேட்டைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. ஸ்டேஷனில் ரொம்ப வருஷம் ரைட்டராக, அதாவது பதிவேடு எழுதும் ஏட்டாக இருந்தவன் நான். சுவர்த் தகராறில் ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைக்காவிட்டால் ராத்திரி அரிவாள் வரும். விடிந்தால் நீங்களே ‘போலீஸ் என்ன செய்தது’ என்று எழுதுவீர்கள். பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே சமாதானமாகி ஒரே ஆட்டோவில் போனதைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் சட்டப் புத்தகத்தைத் தூக்கினால் இந்த ஊரில் ஒரு வாய்க்கால் தண்ணீர்கூட வயலுக்குப் போய்ச் சேராது.

சரி, என் அனுபவமும் ஒன்று. ஒரு சட்டக் கல்லூரி மாணவன் கைதானான். கைதுக் குறிப்பாணையை நான்தான் எழுதினேன். ஆளைக் கொண்டுவந்தது முந்தின நாள் சாயங்காலம். மேலே இருந்தவர், “காலம்பற பத்து மணின்னு போடும்” என்றார். நான் நேரத்தை மட்டும் காலியாக விட்டு, கையெழுத்துக்கு நீட்டினேன். பையன் வரி வரியாகப் படித்தான். “ஏட்டையா, நேரம் எழுதல. எழுதுங்க, அப்புறம் கையெழுத்துப் போடுதேன்” என்றான். குரலை உயர்த்தவில்லை. மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டிய 24 மணி நேரம் அந்தக் கட்டத்திலிருந்துதான் ஓடும் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மேலே இருந்தவருக்கும் தெரியும். மூன்று பேரும் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் சாயங்கால நேரத்தை எழுதினேன். மேலே இருந்தவர் அதற்கப்புறம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தென்காசி டீச்சர்:

சீட்டுப் பணத் தகராறில் என் தங்கச்சி மேல் புகார். ராத்திரி எட்டரைக்கு ஜீப் வந்தது. பொழுது சாய்ந்த பிறகு பெண்ணைக் கைது செய்யக்கூடாதே என்றேன். எஸ்.ஐ. ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூட வந்த பெண் போலீஸ் சைகையில் அவரைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, என் காதில், “காலையில ஆறு மணிக்கு மேல வாரோம்க்கா, அதுக்குள்ள வக்கீலப் பாத்துருங்க” என்றது. அந்தப் பிள்ளைக்கு என் மூத்த மகள் வயசுதான் இருக்கும்.

வண்ணார்பேட்டை வக்கீல்:

டீச்சர், அந்தப் பெண் காவலர் இருந்தது உங்கள் அதிர்ஷ்டம். இரவுக் கைதுத் தடை வழிகாட்டும் விதிதான், மீறினால் கைதே செல்லாது என்று ஆகாது என்று மதுரைக் கிளை 2025-ல் சொல்லிவிட்டது. ஆனாலும் மீறிய அதிகாரி காரணம் விளக்கியாக வேண்டும். விதியைச் சொல்லுங்கள், அதையே நம்பி இருக்காதீர்கள்.

என் அனுபவம் சின்னது. முன்பெல்லாம் ஆளைத் தூக்கிவிட்டார்கள் என்று வீட்டார் ஓடிவந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, “தந்தி அடிச்சாச்சா?” கலெக்டர், எஸ்.பி., மாஜிஸ்திரேட் மூன்று பேருக்கும் தந்தி. அதில் விழும் நேர முத்திரைதான் பிற்பாடு ரைட்டர் ஐயா சொன்ன காலிக் கட்டத்தை நிரப்பும். 2013 ஜூலையில் தந்தி நின்ற வாரம் எங்கள் பார் ரூமில் இழவு விழுந்த மாதிரி இருந்தது.

இனி, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். தந்திக்குப் பதில் மின்னஞ்சல் அனுப்புங்கள், நேரம் அதில் பதிவாகும். பேட்டைத் தம்பி, 2024 ஜூலை 1 முதல் நடப்பது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். அதன் 179-ஆம் பிரிவுப்படி சாட்சி விசாரணைக்கு எழுத்தில் அழைப்பு வேண்டும். அறுபது வயதைத் தாண்டியவரையும் பெண்ணையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். ஆக உங்கள் அப்பா அந்தப் பெஞ்சுக்கே போயிருக்க வேண்டியதில்லை. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றம் என்றால் எடுத்த எடுப்பில் கைது கூடாது, முதலில் விசாரணைக்கு வரச் சொல்லும் 35(3) நோட்டீஸ் கொடுப்பதுதான் முறை. 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பு அதைத்தான் சொன்னது. கைது என்றால் குறிப்பாணை, அதில் நேரம், குடும்பத்தாரோ ஊர்க்காரரோ ஒரு சாட்சி, உறவினருக்குத் தகவல். இவை 1996-ல் டி.கே. பாசு வழக்கில் வந்தவை. காரணத்தைச் சொல்லாமல் கைது செய்தால் அந்தக் கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஸ்டேஷன் கேமரா பதிவை உடனே எழுதிக் கேளுங்கள். 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்ற உத்தரவு உண்டு. ‘கேமரா ரிப்பேர்’ என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். டீ கொடுத்தால் குடிக்கலாம்.

தச்சநல்லூர் மெக்கானிக்:

வக்கீல் சார், கட்டுரையே போட்டுட்டீங்க.

ரைட்டர் ஐயாவுக்கு என் பதில். பெஞ்சில் சமாதானமானவர்களைச் சொன்னீர்கள். நன்னடத்தைப் பத்திரம் கேட்கும் பழைய 110-ஆம் பிரிவைப் போட்டு வாய்தா வாய்தாவாக அலைந்தவர்களைச் சொல்லவில்லையே. வேறு ஒரு மாநகரம், பேர் வேண்டாம். பழைய அடிதடி கேஸ் ஒன்றை வைத்து நன்னடத்தைப் பத்திரம் எழுதிக் கொடு என்று கூப்பிட்டார்கள். உள்ளே போனால் நாற்காலியில் போலீஸ் டெபுடி கமிஷனர், நிர்வாக மாஜிஸ்திரேட்டாம். என்னைப் பற்றிப் புகார் எழுதிய இன்ஸ்பெக்டர் வந்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். எனக்கு அங்கேயே விட்டுப்போச்சு. சல்யூட் வாங்கினவர் சல்யூட் அடித்தவரை நம்புவாரா, கிரீஸ் கையோடு நிற்கும் என்னை நம்புவாரா?

போலீஸ் அதிகாரிகளுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்த அரசாணைகள் செல்லாது என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது பட்டறையில் எல்லோருக்கும் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தேன். என் பத்திரக் காலம் அதற்கு முன்னாலேயே முடிந்திருந்தது, அது வேறு விஷயம்.

ஓய்வுபெற்ற ரைட்டர்:

மெக்கானிக் தம்பி, தாசில்தார் உட்கார்ந்தாலும் அறிக்கை போலீஸ்தான் கொடுக்கும். நாற்காலி மாறினால் எல்லாம் மாறிவிடுமா?

தச்சநல்லூர் மெக்கானிக்:

மாறாது ஐயா. ஆனால் தாசில்தாருக்குப் போலீஸ் அதிகாரி ஏ.சி.ஆர். (வருடாந்திர ரகசிய அறிக்கை) எழுத முடியாதே!

ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி, பாளை:

தாமிரபரணித் தண்ணிக்குப் பதில் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. குண்டாஸ் ரத்தானால் ஆள் விடுதலை என்று நினைத்துவிட்டீர்கள். அவன் மேல் உள்ள வழக்கு அப்படியே நிற்கும். அதற்குத் தனியாக ஜாமீன் வாங்கினால்தான் வெளியே வருவான், வந்த பிறகும் வாய்தாவுக்கு அலைய வேண்டும். வெட்டினது நிரூபணமானால் பல வருஷம் உள்ளே போவான். ரத்தானது, நிரூபிக்காமலே ஒரு வருஷம் வைக்கும் அந்த உத்தரவு மட்டும்தான். உங்கள் மச்சானிடம் மாமூல் கேட்டவன் மேல் எப்.ஐ.ஆர் போட்டு, சாட்சி வைத்து, கோர்ட்டில் ஜெயித்து உள்ளே தள்ளச் சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது? உங்கள் மச்சான் சாட்சி சொல்ல வருவாரா, அதை முதலில் கேட்டுச் சொல்லுங்கள். கடையில் ஆள் நிற்கிறது, அப்புறம் வருகிறேன்.