உதவி தேவை: இந்தப் பழைய படத்தில் இருப்பவர் இசையமைப்பாளர் ஷூபர்ட்தானா?

பிறைநிலா:
வணக்கம். என் பெரியம்மா நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவர். போன வருடம் காலமானார். அவருடைய பியானோவுக்கு மேலே தொங்கிய படம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. "ஷூபர்ட் தாத்தாவுக்கு வணக்கம் சொல்லிட்டு உட்காரு" என்பார். அதனால் இத்தனை நாள் எனக்கும் சந்தேகம் வந்ததில்லை.

சுத்தம் செய்யக் கழற்றியபோதுதான் உற்றுப் பார்த்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள். மெல்லிய கம்பிக் கண்ணாடி, கழுத்தை மூடும் உயரமான காலர். முன் நெற்றி கொஞ்சம் ஏறியிருக்கிறது, முடியில் பெரிய சுருள் இல்லை. பென்சிலில் வரைந்த மாதிரி இருக்கிறது. ஓரத்தில் 'க்ரீஹூபர்' என்ற கையெழுத்தும் பக்கத்தில் 833 என்ற எண்ணும் உள்ளன. கீழ்ப்பகுதியைப் பழுப்பு அட்டை மறைக்கிறது. இது கையால் வரைந்ததா? 833 என்பது ஏதாவது பதிவு எண்ணா?

சுருதிப்பெட்டி:
ஷூபர்ட்தான், சந்தேகமே வேண்டாம். க்ரீஹூபர் வியன்னா ஓவியர், ஷூபர்ட்டும் வியன்னாக்காரர், கண்ணாடி வேறு, இன்னும் என்ன வேண்டும்? தூங்கும்போதுகூட அவர் கண்ணாடியைக் கழற்றமாட்டார் என்று நண்பர்களே சொல்லியிருக்கிறார்கள்.

கல்லச்சு:
கண்ணாடி போட்டவரெல்லாம் ஷூபர்ட் என்றால் என் கணக்கு வாத்தியாரும் ஷூபர்ட்தான்.

பிறைநிலா, முதலில் வயதைப் பாருங்கள். ஷூபர்ட் 1797-இல் பிறந்து 1828-இல், 31 வயதில் இறந்துவிட்டார். நாற்பது வயது ஷூபர்ட்டை யாரும் பார்த்ததே இல்லை. அவர் உயிரோடு இருந்தபோது அவரைப் பார்த்து வரைந்த படங்களும் அதிகமில்லை. குபெல்வீசர் 1821-இல் வரைந்தது, ரீடர் 1825-இல் தீட்டிய நீர்வண்ணப் படம், டெல்ட்ஷரின் கல்லச்சு (கல்லில் வரைந்து அச்செடுத்த படம்) என்று முக்கியமானவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாவற்றிலும் சுருட்டை முடி, உருண்டை முகம்.

அடுத்தது 833. அது பதிவு எண் இல்லை, வருடம். அந்தக் கால வியன்னா ஓவியர்களில் சிலர் முன்னால் வரும் 1-ஐ விட்டுவிட்டு எழுதுவார்கள். ஆக, 1833.

சுருதிப்பெட்டி:
சரி, 1833 என்றால் ஷூபர்ட் இறந்து ஐந்து வருடம் ஆகியிருக்கும். இறந்தவரை நினைவிலிருந்து வரைந்திருக்கக் கூடாதா? ரீடர் 1875-இல் தன் பழைய படத்தை வைத்து எண்ணெய் வண்ணத்தில் இன்னொன்று தீட்டினாரே!

கல்லச்சு:
நல்ல கேள்வி. க்ரீஹூபரே 1846-இல் ஷூபர்ட்டைக் கல்லச்சில் வரைந்திருக்கிறார். ஆகவே வருடத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் இறந்தவரை நினைவாக வரைபவர்கள் ஊருக்கு அடையாளம் தெரிந்த முகத்தைத்தான் வரைவார்கள். சுருளை எடுத்துவிட்டு, பத்து வயதைக் கூட்டி எதற்காக வரையப் போகிறார்கள்?

என் ஊகம் வியன்னா பியானோ ஆசிரியர் கார்ல் செர்னி. 1791-இல் பிறந்தவர், 1833-இல் வயது 42. பெத்தோவனின் மாணவர், புகழ்பெற்ற பியானோக் கலைஞர் லிஸ்டின் ஆசிரியர். க்ரீஹூபர் அவரை 1833-இல் வரைந்ததும் தெரிந்த விஷயம்தான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு படம் இருக்கிறது. லிஸ்ட் பியானோ வாசிக்க, நண்பர்கள் சூழ்ந்து கேட்பதாக க்ரீஹூபர் 1846-இல் வரைந்தது. அதில் இசையமைப்பாளர் பெர்லியோஸுடன் செர்னியும் இருக்கிறார். பதின்மூன்று வருட இடைவெளி உண்டு. ஆனாலும் மூக்கு, தாடை, நெற்றி மூன்றையும் வைத்துப் பாருங்கள். கண்ணாடியையும் காலரையும் மறந்துவிடுங்கள். அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் உடுத்தினார்கள்.

மெழுகுக்குச்சி:
கையால் வரைந்ததா என்று கேட்டிருந்தீர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள் அக்கா. வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் புத்தகத்திலிருந்தோ காலண்டரிலிருந்தோ வெட்டிய பிற்கால அச்சு. புள்ளி இல்லாமல், சொரசொரப்பான சுவரில் கரி தேய்த்த மாதிரிப் பொடி தெரிந்தால் கல்லச்சாக இருக்கலாம். கல்லின் மேல் கொழுப்புக் குச்சியால் வரைந்து அச்செடுப்பதால்தான் பென்சில் படம் போலவே தெரிகிறது. க்ரீஹூபர் கிட்டத்தட்ட மூவாயிரம் உருவப்படங்களை அப்படிப் போட்டவர்.

அட்டைக்கு அடியில்தான் விடை இருக்கும். பெயர், அச்சகம், பதிப்பாளர் எல்லாம் கீழ் ஓரத்தில்தான் போடுவார்கள். பின்பக்கமாகத் திறங்கள். செலோடேப் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், காகிதத்தின் தோலோடு வரும்.

பிறைநிலா:
திறந்துவிட்டேன்! புள்ளி எதுவும் இல்லை, பொடிதான். அட்டையை நகர்த்தியதும் கீழே எழுத்து தெரிந்தது. இரண்டு சொல், இரண்டுமே ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, பிறை மாதிரி வளைந்த C. கடைசி எழுத்து வால் வைத்த y. கார்ல் செர்னியேதான். கல்லச்சு சார், உங்களுக்கு ஒரு கும்பிடு.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சின்ன வயதில் செர்னியின் 299-ஆம் எண் படைப்பான பியானோப் பயிற்சிகள் என்றாலே எனக்கு வயிற்றுவலி வந்துவிடும். அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தா அத்தனை தப்பும் வாசித்தேன்! பெரியம்மாவுக்குத் தெரிந்தே ஷூபர்ட் என்று சொன்னாரோ என்னவோ, செர்னி என்றிருந்தால் நான் அந்த அறைக்கே போயிருக்கமாட்டேன்.

அப்படியானால் இது 1833-இல் அச்சானதேதானா?

கல்லச்சு:
அவசரம் வேண்டாம். கொலோடைப் என்ற பிற்கால அச்சு முறையிலும் வரிசைப் புள்ளி தெரியாது, புகைப்படத்தை வைத்துக் காகிதம் எவ்வளவு பழையது என்று சொல்லவும் முடியாது. பழைய அச்சுப்படம் பார்த்துப் பழகியவர் யாரிடமாவது நேரில் காட்டுங்கள். அதுவரை ஓரத்தை வெட்டாதீர்கள்.

மெழுகுக்குச்சி:
அந்தப் பழுப்பு அட்டையைத் திரும்ப வைக்காதீர்கள் அக்கா, அதிலிருக்கும் அமிலம்தான் காகிதத்தை அரிக்கும். அமிலமில்லாத அட்டை கேட்டு வாங்குங்கள். வெயில் படும் சுவரும் ஈரச்சுவரும் வேண்டாம்.

பிறைநிலா:
சரி, வாங்கிவிடுகிறேன். பியானோ அறையில் மட்டும் மாட்டமாட்டேன்.