சி, ஏ கார்டில் பக்கத்துக் கம்பி அடைபடுகிறது: நட் அகலம் 44.5 கிடார் வாங்கலாமா?

மார்கழி24
வணக்கம். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டும், அதனால் அவசரமாகக் கேட்கிறேன். சி கார்டு பிடித்தால் முதல் கம்பி 'டப்' என்று அடைபடுகிறது. ஏ மேஜரில் மூன்று விரலுக்கும் இடமே இல்லை. எஃப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நண்பன் கிடாரில் இதே கார்டுகள் சுத்தமாக வருகின்றன. எனக்கு விரல் கொஞ்சம் தடி. நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் துண்டு) அகலம் 44.5 மி.மீ. உள்ள ஒன்று விலைக்கு வருகிறது. என்னுடையதை விற்றுவிட்டு அதை வாங்கலாமா?

ஆறுகம்பி
உங்கள் கிடார் எது? அதன் நட் எத்தனை மி.மீ.? நண்பனுடையது ஸ்டீலா, நைலானா? இதெல்லாம் தெரியாமல் வாங்கு, வாங்காதே என்று எப்படிச் சொல்வது?

பழையபிக்
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை இங்கே வருகிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. தம்பி, விரல் தடி என்பதெல்லாம் சாக்கு. கிடார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டுக்கு 1928 தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்தன. மீதி இரண்டு விரலை வைத்து அவர் வாசித்ததைக் கேளுங்கள். விரல் நுனி செங்குத்தாக இறங்க வேண்டும், கட்டைவிரல் நெக்கின் (கழுத்தின்) பின்னால் நடுவில் இருக்க வேண்டும். பயிற்சி செய்யுங்கள், பணம் மிச்சம்.

நீலமலை
கேஜ் (கம்பியின் தடிமன்) மாற்றுங்கள் ப்ரோ. 12 செட் போட்டிருந்தால் 10க்கு வாருங்கள். எனக்கு எல்லாப் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது.

எலும்புநட்
மெல்லிய கம்பி போட்டால் அழுத்துவது எளிது, ஆனால் விரலுக்கான இடம் அதிகமாகாது. இரண்டும் வேறு வேறு.

மார்கழி, ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கடையில் சொல்லும் நட் அகலம், நெக் தொடங்கும் இடத்தின் மொத்த அகலம். உங்கள் விரலுக்குத் தெரிவது முதல் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் உள்ள தூரம்தான். 43 மி.மீ. நட்டில் அது பொதுவாக 36 வாக்கில் இருக்கும். ஐந்தால் வகுத்தால் ஒரு இடைவெளி 7.2. நட் 44.5 என்றால் 38 வாக்கில், அதாவது 7.6. கிடாரையே மாற்றினாலும் ஒரு இடைவெளிக்குக் கிடைப்பது 0.4 மி.மீ. அது சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன், ஏ மேஜரில் கண்டிப்பாகத் தெரியும். ஆனால் முதலில் இருப்பதை அளந்து பாருங்கள். கம்பியின் நடுவிலிருந்து நடுவுக்கு, நட்டை ஒட்டி. அப்புறம் மூன்றாம் பிரெட்டில் (நெக்கின் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டை) ஒவ்வொரு கம்பியாக அழுத்தி, முதல் பிரெட்டுக்கு மேலே எவ்வளவு சந்து தெரிகிறது என்று பாருங்கள்.

மார்கழி24
நண்பனுடையது கிளாசிக்கல், நைலான். என்னுடையது ஸ்டீல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, உள்ளே லேபிள் கிழிந்திருக்கிறது. நட் 43. கம்பி தூரம் 34 வருகிறது. முதல் பிரெட் சந்தில் விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைகிறது.

ஆறுகம்பி
நைலான் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே! கிளாசிக்கலில் நட் 52 மி.மீ. இருக்கும், கம்பிப் பரப்பு (முதல் கம்பியிலிருந்து ஆறாம் கம்பி வரை) 43 வரும். ஒரு இடைவெளிக்கு 8.6. அதில் பழகிய கைக்கு 34 நெருக்கமாகத்தான் இருக்கும். நீங்கள் பார்த்திருக்கும் 44.5 கூட அந்த இடத்தைத் தராது.

கடலோரம்
அப்படியென்றால் நண்பனின் கிளாசிக்கலையே வாங்கி ஸ்டீல் கம்பி மாட்டிவிடுங்கள். அகலமும் கிடைக்கும், சத்தமும் கிடைக்கும்.

எலும்புநட்
தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். 12-53 ஸ்டீல் செட் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். நைலான் இழுப்பது 40 கிலோ வாக்கில். கிளாசிக்கலின் மேல்பலகையும் உள்ளே இருக்கும் கட்டைகளும் அந்தப் பாரத்துக்குச் செய்தவை அல்ல. பிரிட்ஜ் (மேல்பலகையில் கம்பிகளைக் கட்டியிருக்கும் கட்டை) பிய்த்துக்கொண்டு வரும், பலகை புடைக்கும். பெரும்பாலும் நெக்கில் டிரஸ் ராடும் (உள்ளே பலம் தரும் இரும்புக் கம்பி) இருக்காது.

கடலோரம்
எங்கள் சர்ச்சில் ஒரு கிடார் பல வருடமாக அப்படித்தான் இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை.

எலும்புநட்
பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் தூக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

நீலமலை
விரல் தடி பற்றிப் பேசுகிறோம். ஹவாய் பாடகர் இஸ்ரேல் கமகவிவோஓலே அவ்வளவு பெரிய கையை வைத்துக்கொண்டு யுகுலேலே வாசித்தார். பழையபிக் அண்ணா சொல்வதுதான் சரி.

ஆறுகம்பி
அது வேறு கணக்கு. டெனர் யுகுலேலேயில் நான்கே கம்பி. நட் 35 முதல் 38 வரை இருந்தாலும் ஒரு இடைவெளி 9 மி.மீ.க்கு மேல் வரும். கிடாரை விட அதில்தான் இடம் அதிகம்.

பழையபிக்
எங்கள் காலத்தில் இந்த மில்லிமீட்டர் கணக்கெல்லாம் கிடையாது. கிடைத்த கிடாரில் கற்றோம்.

தாழம்பூ
சார், எல்லோர் கையும் ஒன்றல்ல. எனக்குக் கை சின்னது. ஃபிங்கர்ஸ்டைலுக்கு (பிக் இல்லாமல் விரலால் மீட்டுவது) நல்லது என்று கேள்விப்பட்டு 44.5 வாங்கினேன். பார் கார்டில் (எஃப் மாதிரி, ஒரே விரலைப் படுக்கவைத்து எல்லாக் கம்பியையும் அழுத்துவது) மணிக்கட்டு வலித்தது, கட்டைவிரலால் ஆறாம் கம்பியைப் பிடிக்கவே முடியவில்லை. இப்போது யமஹா எஃப்ஜி800 வைத்திருக்கிறேன், 43. கைக்கு அடக்கமாக இருக்கிறது. நெக்கின் கனமும் பார்க்க வேண்டும். அகலம் ஒன்றாக இருந்தாலும் தடித்த நெக் வேறு மாதிரி இருக்கும். மார்கழி, அந்த 44.5 கிடாரை அரை மணி நேரம் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தீர்களா?

எலும்புநட்
தாழம்பூ சொல்வதை முதலில் செய்யுங்கள். இப்போது உங்கள் அளவுக்கு வருகிறேன். 43 நட்டில் 34 பரப்பு என்றால் யாரோ மாற்று நட்டைப் போட்டு, கம்பி உட்காரும் காடியை உள்ளே தள்ளி வெட்டியிருக்கிறார்கள். இரு ஓரத்திலும் 4.5 மி.மீ. வீணாகக் கிடக்கிறது. புது நட்டில் 36.5 வரை பரப்பலாம். இடைவெளி 6.8லிருந்து 7.3 ஆகும், ஓரத்தில் 3.25 மிஞ்சும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் முதல் கம்பி புல்-ஆஃப் (அழுத்திய விரலால் கம்பியைச் சுண்டி எடுப்பது) செய்யும்போது பிரெட் நுனியிலிருந்து வழுக்கி விழும். தடித்த கம்பிக்கும் மெல்லிய கம்பிக்கும் நடுவே உள்ள வெற்றிடம் சமமாக வரும்படி வெட்டச் சொல்லுங்கள். நடுவுக்கு நடு சமமாக வெட்டினால் கீழ்ஸ்தாயிக் கம்பிகள் நெருங்கிவிடும்.

எஃப் வராததற்குக் காரணம் விசிட்டிங் கார்டு நுழையும் அந்தச் சந்துதான். மூன்றாம் பிரெட்டை அழுத்தும்போது முதல் பிரெட்டில் மெல்லிய தாள் அளவு சந்துதான் தெரிய வேண்டும். நட்டை ஒட்டியே அழுத்துவதால் எஃப்தான் முதலில் அடி வாங்கும். கேப்போவை (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) முதல் பிரெட்டில் மாட்டி, அதற்கு மேலே இதே பாரைப் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும். காடியை நீங்களே ரம்பத்தால் அறுக்க வேண்டாம், ஒரு இழுப்பு கூடினால் கம்பி முதல் பிரெட்டில் மோதி இரையும்.

மார்கழி24
கேப்போ வைத்தால் பார் வருகிறது!! 44.5 வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளை ரிப்பேருக்குக் கொண்டுபோகிறேன். நன்றி.

ஆறுகம்பி
12ஆம் பிரெட்டில் ஆக்‌ஷனையும் (பிரெட்டுக்கு மேலே கம்பி நிற்கும் உயரம்) அளக்கச் சொல்லுங்கள். ஆறாம் கம்பி 2.5 மி.மீ., முதல் கம்பி 2 மி.மீ. வாக்கில் இருந்தால் போதும்.

மார்கழி24
நட் மாற்றியாயிற்று, 36.5. எஃப் வருகிறது. சி சரி. ஏ மேஜர் இன்னும் இடிக்கிறது.

தாழம்பூ
ஏ மேஜரை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே படுக்கவைத்துப் பிடித்துப் பாருங்கள், முதல் கம்பியை மட்டும் விட்டுவிட்டு வாசியுங்கள். நட்டுக்கு எவ்வளவு வாங்கினார்கள்?