சித்தப்பா கை வைத்த ஏவுகணை – பக்கத்தில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

தங்கச்சிமடத்தான்:
பேய்க்கரும்பு கலாம் நினைவிடத்தை நம் ஊர்க்காரர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. இரண்டு வருடம் முன்பு சித்தப்பாவை அங்கே கூட்டிப்போனேன். விமானப்படையில் மிக்-23 எம்எஃப் விமானத்துக்கு ஆயுதம் மாட்டும் வேலை பார்த்தவர். ஏவுகணை மாதிரிகளுக்கு முன்னால் நின்று, கலாம் ஐயா 1983இல் தொடங்கிய திட்டத்தின் ஏவுகணைகளை விரல்விட்டு எண்ணினார்: பிருத்வி, அக்னி, திரிசூல், ஆகாஷ், நாக். "அஞ்சும் நம்மதுதான். ஆனா விமானத்துல இருந்து விமானத்தை அடிக்கிறது இதுல இல்லப்பா. நான் கை வச்சது அதுதான்" என்றார்.

அவர் சொன்னது சோவியத் ஆர்-23. உடம்பு ஒன்று, தலை இரண்டு வகை. ஒன்று சூட்டைத் தேடிப் போகும், இன்னொன்று ரேடார் எதிரொலியைப் பிடித்துப் போகும். கண்ணுக்கு எட்டாத தூரத்தில் அடிக்கும் வசதி நம் படைக்கு முதலில் வந்தது அந்த விமானத்தோடுதான். நானோ, "வெயில் ஏறுது, வாங்க சித்தப்பா" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன். ஆறே மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று பத்து நிமிடம் நின்று கேட்டிருக்கலாம்.

கீழக்கரை காக்கா:
1990 கடைசி, சவூதி தஹ்ரான். விமானத்தளத்துக்குச் சாப்பாடு இறக்கும் வண்டியில் வேலை. அமெரிக்க எஃப்-15 போர் விமானத்தின் வயிற்றோரத்தில் நான்கு ஸ்பாரோ ஏவுகணைகள். ஒவ்வொன்றும் 12 அடி, 230 கிலோ. இருபது வயதுகூட இருக்காது, ஒரு பையன் துணியை வைத்து அதன் மூக்கில் படிந்த மணலைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிள்ளைக்கு முகம் துடைப்பது போல அவ்வளவு மெதுவாக. நான் பார்ப்பதைக் கண்டு, மூக்கைக் காட்டி, பிறகு தன் கண்ணைத் தொட்டுக் காட்டினான். அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதே ஸ்பாரோ வியட்நாமில் நூறு விட்டால் பத்துகூடப் படவில்லை. ஈரமும் குலுக்கலும் அதன் மின்னணுவைக் கெடுத்தன. உப்புக்காற்றில் ரேடியோ வைத்திருந்த நமக்கு அது புரியும். பிறகு ஸ்பாரோவின் எஃப் வகையில் உள்ளே இருந்த மின்னணுவை மாற்றினார்கள், எம் வகையில் தலையை மாற்றினார்கள். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கா வானில் வீழ்த்தியதில் பாதிக்கு மேல் அதன் கணக்குதான்.

மூக்கையூர் வல்லம்:
காக்கா, ஈரத்தை மட்டும் குறை சொல்லக் கூடாது. எதிரி விமானம்தானா என்று கண்ணால் பார்த்த பிறகே சுட வேண்டும் என்று விமானிகளுக்குக் கட்டளை. தூரத்துக்குச் செய்த ஆயுதத்தைக் கிட்டத்தில் போய் விட்டால் எப்படிப் படும்?

என் கதை ஏவுகணையைப் பார்த்த கதை இல்லை. சின்ன வயதில் ராத்திரி நண்டு குத்தப் போவோம். அண்ணன் விளக்குப் பிடிப்பான், நான் கம்பி. ஒருநாள் திருக்கை முள் குத்தி அண்ணன் கை ஆடியது. வெளிச்சம் விலகியது, நண்டு போயே போச்சு. அண்ணன் வலியில் கத்துகிறான், நான் இருட்டில் தண்ணீரையே குத்திக்கொண்டிருக்கிறேன். ஸ்பாரோ, ஆர்-23இன் ரேடார் வகை, பிரெஞ்சு மிராஜ் விமானத்தில் வந்த சூப்பர் 530டி எல்லாம் இந்த ரகம்தான். படும்வரை விமானம் ரேடார் வெளிச்சத்தை விலக்கக் கூடாது. விமானி திரும்பினால் குறி போச்சு. 1991இல் சேவைக்கு வந்த அமெரிக்க ஆம்ராம், பிறகு ரஷ்ய ஆர்-77, நம் அஸ்திரா இவற்றுக்கு மூக்கிலேயே சொந்த விளக்கு. கிட்டே போனதும் அதுவே ஏற்றிக்கொள்ளும்.

தொண்டி கடற்கரை:
தங்கச்சிமடத்துத் தம்பி, சித்தப்பா சொன்னது சரி. ஆனால் அந்த இடம் காலியாகவே இருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அஸ்திராவின் சோதனை 2003இல் ஒடிசாவின் சந்திப்பூரில் தொடங்கியது. 2014இல் சுகோய் போர் விமானத்திலிருந்து முதன்முறையாக ஏவினார்கள். 2023இல் தேஜஸ் விமானத்திலிருந்து. தேடும் தலையையும் நம் நாட்டிலேயே செய்து 2025 ஜூலையில் ஒடிசா கடலுக்கு மேல் சோதித்தார்கள். அந்தத் தலைதான் எல்லாவற்றிலும் கடினமான பகுதி.

நான் பார்த்தது ஒரே ஒரு நொடி. பாடு முடிந்து கரைக்கு வரும்போது தலைக்கு மேல் ஒரு சுகோய் சாய்ந்து திரும்பியது, இறக்கைக்கு அடியில் பென்சில் போல ஒன்று. படகில் இருந்தவர்கள் பிரம்மோஸ் என்றார்கள். இல்லவே இல்லை. பிரம்மோஸ் என்றால் வயிற்றுக்கு நடுவில், பனைமரம் போலத் தெரியும்.

அப்புறம், யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வலையில் குழாய் போல, இறக்கை வைத்த எதுவும் சிக்கினால் படகில் ஏற்றாதீர்கள். உள்ளே எரிபொருள் மிச்சம் இருக்கலாம், வெடிக்கும் பகுதி அப்படியே இருக்கலாம். 2025 மே மாதம் பஞ்சாப் ஹோஷியார்பூரில் சீனத்து பிஎல்-15 ஏவுகணைத் துண்டு வயலில் கிடந்ததே, அதைச் சுற்றி நின்று படம் எடுத்தவர்களைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. வலை போனால் போகட்டும், அறுத்துவிடுங்கள். இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு 1554க்குப் பேசுங்கள், கடலோரக் காவல்படை எடுக்கும். பழைய இரும்புக்குக் கொடுக்கலாம் என்று கரைக்குக் கொண்டுவரவே வேண்டாம். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தங்கச்சிமடத்தான்:
காக்கா, அந்தப் பையன் கண்ணைத் தொட்டதைப் படித்துவிட்டுச் சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ரஷ்ய மொழி கற்றபோது எழுதிய நோட்டு ஒன்று இருக்கிறது. ரஷ்யச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருள். முதல் பக்கத்தில் 'ரகேத்தா – ஏவுகணை'. அடுத்த வரி 'கலோவ்கா – தலை'. அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.